முட்டும் தூரத்தில் ஒரு ரேஸ்: ஐரேசிங்கும் ஷார்ட் ஓவல் ஸ்டாக் கார்களும்

2010 மார்ச்சில் கோயம்புத்தூர்க்காரர் நரேன் கார்த்திகேயன் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் உள்ள மார்ட்டின்ஸ்வில் என்ற சிறிய ஊரில் ஒரு பிக்கப் ட்ரக்கில் ஏறி ரேஸ் ஓட்டினார். ஐந்து வருடங்களுக்கு முன் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா ஒன் ஓட்டியவர். சாதாரணக் காரின் தோற்றத்தில் இருக்கும் ரேஸ் கார்களுக்கு, அதாவது ஸ்டாக் கார்களுக்கு, ரேஸ் நடத்தும் அமெரிக்க அமைப்பு நாஸ்கார். அதன் ட்ரக் தொடரில் அதுதான் அவருக்கு முதல் ரேஸ். 13-வதாக வந்தார். அந்த சீசன் முடிவில் ரசிகர்கள் ஓட்டுப்போட்டு, தொடரின் மிகப் பிரபலமான ஓட்டுநர் விருதையும் அவருக்குக் கொடுத்தார்கள். அந்த மார்ட்டின்ஸ்வில் எப்படிப்பட்ட இடம் என்று தெரிந்துகொண்டால், ஐரேசிங் என்ற கம்ப்யூட்டர் கேமுக்கு அது ஏன் இவ்வளவு பெரிய சோதனை என்பதும் புரிந்துவிடும்.

மார்ட்டின்ஸ்வில் 1947-இல் திறந்த டிராக். ஒரு சுற்று 0.526 மைல், அதாவது 850 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. நீளமான இரண்டு நேர்ப்பாதைகள், இரண்டு முனையிலும் நெருக்கமான வளைவுகள். நேர்ப்பாதையில் தார், வளைவில் கான்கிரீட். வளைவின் சாய்வு 12 டிகிரிதான். ஒரு சுற்றுக்கு 20 வினாடி போதும். அந்த 20 வினாடிக்குள் இரண்டு முறை பிரேக்கை அழுத்தி மிதித்து, இரண்டு முறை காரைத் திருப்பி, இரண்டு முறை ஆக்சிலரேட்டரைப் பதமாக மிதித்து வெளியே வரவேண்டும். பெரிய ரேஸ் என்றால் இதை 500 முறை செய்யவேண்டும். சுற்றிலும் முப்பத்தைந்துக்கும் மேற்பட்ட கார்கள்.

ஒரு மைலுக்குக் குறைவான ஓவல்களை, அதாவது முட்டை வடிவ டிராக்குகளை, நாஸ்காரில் ஷார்ட் டிராக் என்பார்கள். செங்குத்தான கான்கிரீட் கிண்ணமாக நிற்கும் பிரிஸ்டல், முக்கால் மைல் ரிச்மண்ட், முன்பக்க நேர்ப்பாதை இறக்கத்திலும் பின்பக்க நேர்ப்பாதை ஏற்றத்திலும் போகும் நார்த் வில்க்ஸ்போரோ எல்லாம் இந்த வகை. இவற்றுக்குக் கீழே அமெரிக்கா முழுக்க, சனிக்கிழமை இரவுகளில் உள்ளூர்க்காரர்கள் லேட் மாடல், மாடிஃபைடு, ஸ்ட்ரீட் ஸ்டாக் என்ற வகைக் கார்களை ஓட்டும் சிறிய ஓவல்கள் நிறைய உண்டு. அந்த விளையாட்டின் வேர் அங்கேதான் இருக்கிறது.

ஓவல் என்றதும் நம்மில் பலர் சொல்வது, 'இடது பக்கமே திரும்பிக்கொண்டிருப்பதில் என்ன இருக்கிறது?' என்பதுதான். என் கருத்து இதற்கு நேர் எதிர். ஒரு ரேசிங் சிமுலேட்டரின் தரத்தைப் பார்க்கவேண்டுமென்றால் சில்வர்ஸ்டோன், மான்சா போன்ற ஃபார்முலா ஒன் டிராக்குகளை விட்டுவிட்டு அரை மைல் ஓவலில் ஒரு ஸ்டாக் காரை ஓட்டிப் பார்க்கவேண்டும். பெரிய டிராக்கில் வேகமும் காட்சியும் பல குறைகளை மறைத்துவிடும். அரை மைலில் மறைக்க இடமே கிடையாது. ஒரே வளைவு நூற்றுக்கணக்கான முறை திரும்பத் திரும்ப வரும்போது டயர் கணக்கில் சின்னப் பிழை இருந்தாலும் கை கண்டுபிடித்துவிடும். இன்னொரு காரணமும் இருக்கிறது, எனக்கு அதுதான் முக்கியம். இங்கே பக்கத்துக் கார்தான் டிராக்கின் பாதி. அந்தக் காரை ஓட்டும் மனிதரை ஒழுங்காக நடந்துகொள்ள வைக்காத கேம், இயற்பியலில் எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் ஷார்ட் ஓவலில் தோற்றுப்போகும்.

இந்த இரண்டையும் தீவிரமாக எடுத்துக்கொண்ட கேம் ஐரேசிங். அதன் பரம்பரை பழையது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் டேவிட் கேமரும் ஒமர் குதாரியும் 1987-இல் பாப்பிரஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 1989-இல் அவர்கள் வெளியிட்ட இண்டியானாபோலிஸ் 500 கேமே கார் ஓட்டுவதைக் கணிதமாகப் பார்த்தது. 1994-இல் 'நாஸ்கார் ரேசிங்' வந்தது. அந்த வரிசையின் கடைசி கேமான 'நாஸ்கார் ரேசிங் 2003 சீசன்' 2003 பிப்ரவரியில் வெளிவந்தது. அதற்குப் பிறகு நாஸ்கார் உரிமம் ஈஏ என்ற கேம் நிறுவனத்தின் கைக்கு முழுசாகப் போய்விட்டது, பாப்பிரஸ் மூடப்பட்டது. ஆனாலும் அந்த 2003 கேமை ரசிகர்கள் விடவில்லை. புது கார், புது டிராக் என்று தாங்களே செய்து சேர்த்துப் பல வருடம் ஓட்டினார்கள். கேமர், பாஸ்டன் ரெட் சாக்ஸ் பேஸ்பால் அணியின் உரிமையாளர்களில் ஒருவரான ஜான் ஹென்றியுடன் சேர்ந்து 2004-இல் புது நிறுவனம் ஆரம்பித்தார். நான்கு வருட உழைப்புக்குப் பிறகு 2008-இல் ஐரேசிங் திறந்தது.

அவர்கள் எடுத்த முதல் பெரிய முடிவு, டிராக்குகளை லேசர் கருவி வைத்து அளப்பது. படத்தைப் பார்த்து வரைகிற வேலை இல்லை. தரையின் மேடு பள்ளம், தாரும் கான்கிரீட்டும் சேரும் இடத்தின் விளிம்பு, சாய்வு மாறும் இடம் எல்லாமே அளவாகப் பதிவாகிவிடும். பெரிய டிராக்கில் இது வசதி, அவ்வளவுதான். ஷார்ட் ஓவலில் ஒரு சிறு மேட்டில் முன் டயர் ஏறி இறங்கும் கணம்தான் காரைத் திருப்ப உதவும், அல்லது சுழற்றிவிடும். அளக்காமல் அதைக் கொண்டுவர முடியாது.

சரி, மார்ட்டின்ஸ்வில்லில் ஒரு வளைவை நிதானமாகப் பார்ப்போம். நேர்ப்பாதையின் முடிவில் கார் மணிக்கு 190 கிலோமீட்டர் பக்கம் போகிறது. பிரேக்கை அழுத்தியதும் எடை முன்பக்கம் சாய்கிறது. முன் டயர்களுக்குப் பிடி கூடுகிறது, பின்பக்கம் லேசாகிறது. இந்த நிலையில் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் காரின் மூக்கு உள்ளே வரும், ஆனால் பின்பக்கம் நழுவத் தயாராக இருக்கும். அதனால் பிரேக்கைச் சட்டென்று விடக்கூடாது. திருப்பும் அளவு கூடக் கூடக் காலைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கவேண்டும். வளைவின் நடுவில் வேகம் நேர்ப்பாதையில் இருந்ததில் பாதியளவுக்கு இறங்கிவிடும். அங்கே பொறுமையாக ஒரு கணம் காத்திருக்கவேண்டும். அந்தக் கணத்தில் காத்திருக்கத் தெரியாதவர்கள்தான் அதிகம். ஆக்சிலரேட்டரைச் சீக்கிரம் மிதித்தால் மூக்கு வெளிப்பக்கம் ஓடும், இன்னும் திருப்பத் தோன்றும். திருப்பியபடியே மிதித்தால் பின் டயர் சுழன்று சூடாகும். ஒரு சுற்றில் இதனால் போகிற நேரம் அற்பம். முப்பது சுற்றில் வலது பின் டயர் கெட்டுப்போய், முதலில் பின்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராக உள்பக்கம் நுழைந்து போய்விடுவார்கள்.

காருக்குள்ளும் வேலை இருக்கிறது. இடது பக்கம் மட்டுமே திரும்பப்போகும் கார் என்பதால் அதன் இடப் பாதியும் வலப் பாதியும் ஒன்றுபோல இருக்காது. வளைவில் எடை வலது பக்கம் சாயும். டயரின் மேல் பாரம் இரண்டு மடங்கானால் பிடியும் இரண்டு மடங்காகிவிடாது, அதைவிடக் குறைவாகத்தான் கூடும். ஆகவே நான்கு டயருக்கும் பாரம் முடிந்த அளவு சமமாகப் பிரிந்தால்தான் மொத்தப் பிடி அதிகம். அதற்காக நிற்கும்போதே விதி அனுமதிக்கும் அளவுக்கு எடையை இடது பக்கம் வைத்துவிடுவார்கள். லேட் மாடல் போன்ற கார்களில் வலது பின் டயர் இடது பின் டயரைவிடக் கொஞ்சம் பெரிது. அதனால் கார் தானாகவே இடது பக்கம் உருள விரும்பும். அப்புறம் குறுக்கு எடை. வலது முன் சக்கரமும் இடது பின் சக்கரமும் சேர்ந்து மொத்த எடையில் எத்தனை சதவீதம் தாங்குகின்றன என்ற கணக்கு அது. அதைக் கூட்டினால் கார் டைட், திரும்ப மறுக்கும். குறைத்தால் லூஸ், பின்பக்கம் நழுவும். ஷார்ட் ஓவல் ஓட்டுகிறவர்கள் நாள் முழுக்கப் பேசுவது இந்த இரண்டைப் பற்றித்தான். நுழைவில் லூஸ், நடுவில் டைட், வெளியேறும்போது மறுபடி லூஸ் என்று ஒரே வளைவை மூன்றாகப் பிரித்துச் சொல்வார்கள். ஐரேசிங்கின் செட்டப் பக்கத்தில் இவை எல்லாமே எண்களாக இருக்கின்றன. குறுக்கு எடையை அரை சதவீதம் மாற்றிவிட்டு டிராக்குக்குத் திரும்பினால் வித்தியாசம் கையில் தெரியும். இந்த நுணுக்கம்தான் என்னை இந்த கேமின் பக்கம் இழுத்தது என்று சொல்வேன்.

இருந்தாலும் வீட்டு நாற்காலியில் உடம்புக்கு எதுவும் தெரியாது. நிஜக் காரில் பின்பக்கம் நழுவுவதை முதலில் உணர்வது இடுப்பு. இங்கே ஸ்டீயரிங் மோட்டாரின் இழுப்பும் கண்ணும் காதும்தான் அந்த வேலையைச் செய்யவேண்டும். பக்கத்தில் கார் இருக்கிறதா என்பதையும் ஸ்பாட்டர் குரல்தான் சொல்கிறது. நிஜ ரேஸில் மேலே கூரையில் நின்று ஒருவர் ரேடியோவில் சொல்வார், இங்கே மென்பொருள் சொல்கிறது. அந்தக் குரலை நம்பாமல் ஷார்ட் ஓவலில் ஓட்டவே முடியாது.

இனி பக்கத்துக் கார். ஷார்ட் ஓவலில் ஒரு பழைய உத்தி உண்டு. வளைவின் நடுவில் முன்னால் இருப்பவரின் பின் பம்பரில் மெதுவாக முட்டினால் அவர் கார் அரை அகலம் வெளிப்பக்கம் நகரும். அந்த இடைவெளியில் உள்ளே புகுந்து போய்விடலாம். அவர் சுழலவும் மாட்டார், ரேஸை இழக்கவும் மாட்டார். ஆனால் அடுத்த பத்து சுற்றில் அதே மாதிரி முட்ட அவருக்கு உரிமை உண்டு. இது எழுதாத ஒப்பந்தம். சனிக்கிழமை இரவு உள்ளூர் டிராக்கில் இந்த ஒப்பந்தம் தானாக நிற்கிறது. ஏனென்றால் இன்று முட்டியவரை அடுத்த வாரம் அதே பிட்டில் பார்த்தாகவேண்டும், உடைந்த காரைச் சொந்தக் காசில் சரிசெய்யவும் வேண்டும். முகம் தெரியாத, கார் உடைந்தால் பைசா செலவில்லாத ஆன்லைன் கேமில் இதை எப்படிக் கொண்டுவருவது? பழைய ஆன்லைன் ரேஸ்களில் முதல் வளைவிலேயே பாதிக் கார்கள் குவியலாகிவிடுவது இதனால்தான்.

ஐரேசிங்கின் பதில் இரண்டு எண்கள். ஒன்று உங்கள் திறமைக்கான ஐரேட்டிங், மற்றது ஒழுங்குக்கான சேஃப்டி ரேட்டிங். டிராக்கை விட்டு வெளியே போனால் ஒரு புள்ளி, கட்டுப்பாட்டை இழந்தால் இரண்டு, வேறொரு காரில் பலமாக மோதினால் நான்கு. யார் மேல் தப்பு என்று கேட்பதே இல்லை, இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் விழும். புதிதாக வருகிறவர்களுக்கு இது பெரிய அநியாயமாகத் தெரியும். எனக்கு இது சரியான முடிவாகவே படுகிறது. தப்பு யாருடையது என்று மென்பொருள் தீர்ப்புச் சொல்லப் போனால் அந்தத் தீர்ப்பை ஏமாற்றுவதே ஒரு விளையாட்டாகிவிடும். இரண்டு பேருக்கும் விழும் என்றால் மோதலை எதிர்பார்த்துத் தவிர்க்கும் பழக்கம் வருகிறது. ரூக்கி, டி, சி, பி, ஏ என்று உரிமத்தில் ஏறுவதற்கும் அந்த எண்தான் வழி. எந்தக் காரை, எந்த ரேஸில் ஓட்டலாம் என்பதை அந்த உரிமம்தான் முடிவுசெய்யும். ஓட்டுகிறவரின் உண்மைப் பெயர்தான் திரையில் வரும், புனைபெயர் கிடையாது. உள்ளூர் டிராக்கில் அடுத்த வாரம் முகத்தைப் பார்க்கவேண்டிய கட்டாயம் செய்கிற வேலையை இங்கே பெயரும் எண்ணும் செய்கின்றன.

இந்த ஏற்பாட்டின் பலவீனமும் ஷார்ட் ஓவலில்தான் வெளிப்படும். உங்கள் திரையில் தெரியும் மற்ற கார் அந்தக் கணத்தில் உண்மையில் அங்கே இல்லை. இணையம் வழியாக வந்த பழைய தகவலை வைத்து, இந்நேரம் இங்கே இருக்கும் என்று உங்கள் கம்ப்யூட்டர் கணித்து வரைகிறது. வினாடிக்கு 50 மீட்டர் வேகத்தில் போகும் காருக்கு ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு தாமதம் என்றால் 5 மீட்டர், கிட்டத்தட்ட ஒரு கார் நீளம். நேராகப் போகும்போது கணிப்பு தப்பாது. முன்னால் இருப்பவர் திடீரென்று பிரேக் போட்டால் தப்பும். மெதுவாக முட்டியது பலமான மோதலாகப் பதிவாகும், சில சமயம் தொடாததே தொட்டதாகிவிடும். அதனால் நிஜத்தில் விடும் இடைவெளியைவிடக் கொஞ்சம் கூடுதலாக விட்டு ஓட்டவேண்டியிருக்கிறது.

இதெல்லாம் கேமுக்குள் நின்றுபோயிருந்தால் இவ்வளவு எழுதத் தேவையில்லை. டென்னசி மாநிலத்தில் ஜோஷ் பெரி என்று ஓர் இளைஞர் வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே ஐரேசிங்கில் ஓட்டிக்கொண்டிருந்தார். அதே கேமில் ஓட்டிய நாஸ்கார் நட்சத்திரம் டேல் எர்ன்ஹார்ட் ஜூனியருக்கு அவரைப் பிடித்துப்போய்த் தன் அணியின் லேட் மாடல் காரைக் கொடுத்தார். பெரி பல வருடம் உள்ளூர் ஷார்ட் ஓவல்களிலேயே வென்றுகொண்டிருந்தார். 2021 ஏப்ரலில் நாஸ்காரின் இரண்டாம் நிலைத் தொடரில் முதல் வெற்றி, அதுவும் மார்ட்டின்ஸ்வில்லில். 2025 மார்ச்சில் லாஸ் வேகாஸில் உச்சத் தொடரிலேயே வென்றார். அப்போது அவருக்கு 34 வயது. பண வசதியோ ரேஸ் குடும்பப் பின்னணியோ இல்லாமல் அந்த இடத்துக்கு வருவது எவ்வளவு அரிது என்பது இந்த விளையாட்டைக் கவனிப்பவர்களுக்குத் தெரியும்.

இன்னொரு நாஸ்கார் ஓட்டுநரான வில்லியம் பைரனின் கதை இன்னும் நேரடியானது. வீட்டுக் கம்ப்யூட்டரில் ஐரேசிங் ஓட்டிப் பழகிவிட்டுத்தான் 15 வயது பக்கத்தில் நிஜக் காரில் ஏறினார். 2022-லும் 2024-லும் மார்ட்டின்ஸ்வில்லில் வென்றார். 2024, 2025 என்று அடுத்தடுத்து நாஸ்காரின் மிகப் பெரிய ரேஸான டேடோனா 500-ஐயும் வென்றார்.

2020-இல் கொரோனா வந்து எல்லா ரேஸும் நின்றபோது நாஸ்கார் தன் ஓட்டுநர்களை ஐரேசிங்கில் உட்கார வைத்தது. மார்ச் 22-ஆம் தேதி நடந்த முதல் ரேஸ் தொலைக்காட்சியில் நேரலையாக வந்தது, ஒன்பது லட்சம் பேர் பார்த்தார்கள். டென்னி ஹாம்லின் ஜெயித்தார். பிரிஸ்டலிலும் ரிச்மண்டிலும் பைரன் ஜெயித்ததில் ஆச்சரியமே இல்லை. அதே பிரிஸ்டல் ரேஸில் ஒரு மோதலுக்குப் பிறகு பப்பா வாலஸ் கோபத்தில் கேமை விட்டு வெளியேற, அவருடைய ஸ்பான்சர் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டார். ஒரு வாரம் கழித்து வேறொரு ஐரேசிங் ரேஸில் கைல் லார்சன் மைக்கில் இனவெறிச் சொல் ஒன்றைச் சொல்லிவிட்டு வேலையையே இழந்தார். விளையாட்டாக உட்கார்ந்தவர்களுக்கு அது வேலையிடமும்தான் என்பது அந்த ஏப்ரலில் புரிந்தது.

நாஸ்கார் நடத்திய அந்த ஐரேசிங் தொடரின் கடைசி ரேஸ் மே 9-ஆம் தேதி நார்த் வில்க்ஸ்போரோவில். இதைத்தான் நான் இந்த கேம் செய்த மிகப் பெரிய காரியமாக நினைக்கிறேன். 1949-இல் நாஸ்காரின் முதல் சாம்பியன்ஷிப் சீசனே அந்த டிராக்கில்தான் முடிந்தது. 1996 செப்டம்பரில் ஜெஃப் கார்டன் வென்ற ரேஸோடு பெரிய ரேஸ்கள் அங்கிருந்து போய்விட்டன. டிராக்கை வாங்கிய இரண்டு முதலாளிகள் அதற்குரிய ரேஸ் தேதிகளை டெக்சஸுக்கும் நியூ ஹாம்ப்ஷயருக்கும் கொண்டுபோய்விட்டார்கள். நடுவில் கொஞ்ச காலம் சிறிய ரேஸ்கள் நடந்ததைத் தவிர அந்த இடம் புல் முளைத்துக் கிடந்தது. 2019 டிசம்பரில் டேல் ஜூனியர் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய், தார் வெடிப்புகளில் முளைத்திருந்த புதரை எல்லாம் பிடுங்கிச் சுத்தம் செய்தார். ரேஸ் நடத்துவதற்காக இல்லை. முழுசாக அழிவதற்கு முன் ஐரேசிங்கின் லேசர் கருவி அளந்து வைத்துக்கொள்ளட்டும் என்று. அப்படி அளந்த டிராக்கில் அடுத்த வசந்தத்தில் நாஸ்கார் ஓட்டுநர்களே ஓட்டி, நாடு முழுவதும் பார்த்தது. 2021-இல் வட கரோலினா மாநில அரசு மறுசீரமைப்புக்காக 1.8 கோடி டாலர் ஒதுக்கியது. 2022 ஆகஸ்டில் நிஜ ரேஸ் திரும்பியது, டேல் ஜூனியரே லேட் மாடல் ஓட்டி மூன்றாவதாக வந்தார். 2023 மே மாதம் நாஸ்காரின் ஆல் ஸ்டார் ரேஸ் அங்கே நடந்தது. பணமும் அரசியலும் இல்லாமல் இது நடந்திருக்காது, உண்மைதான். ஆனால் செத்துப்போன டிராக்காகவே எல்லோரும் நினைத்திருந்த இடத்தில் மறுபடி கார் ஓடுவதை முதலில் காட்டியது ஒரு சிமுலேட்டர்.

எதிர்ப்பக்கத்திலும் ஓர் உதாரணம் இருக்கிறது. 2022 அக்டோபர் 30, மார்ட்டின்ஸ்வில், கடைசிச் சுற்று. சாம்பியன்ஷிப் இறுதிக்குப் போக நாஸ்கார் ஓட்டுநர் ராஸ் சாஸ்டெய்னுக்கு இன்னும் இரண்டு இடம் வேண்டும். பின்பக்க நேர்ப்பாதையில் ஐந்தாவது கியருக்கு மாற்றி, பிரேக்கே தொடாமல், வெளிச் சுவரில் காரைச் சாய்த்து முழு வேகத்தில் வளைவைச் சுற்றினார். ஐந்து கார்களைத் தாண்டினார். அந்தச் சுற்று 18.845 வினாடி, அந்த டிராக்கில் ஸ்டாக் கார் ஒன்று அதற்கு முன் அவ்வளவு வேகமாகச் சுற்றியதில்லை. சின்ன வயதில் கேம்கியூப் கன்சோலில் நாஸ்கார் 2005 என்ற கேம் விளையாடும்போது செய்த தந்திரம் அது என்று பிறகு சொன்னார். வளைவில் காரின் வேகத்தைக் கட்டுப்படுத்துவது டயரின் பிடி. சுவர் அந்தப் பிடியின் வேலையைச் செய்தால் வேகத்தைக் குறைக்கத் தேவையில்லை. பழைய கேமில் சுவரில் உரசினால் எந்த நஷ்டமும் இல்லை, அதனால் அது அங்கே வேலை செய்தது. நிஜத்தில் நஷ்டம் உண்டு, ஆனால் கடைசி வளைவில் கார் உடைந்தால் என்ன என்று அவர் துணிந்துவிட்டார். அடுத்த வருட ஆரம்பத்திலேயே, இனி அப்படிச் செய்தால் பாதுகாப்பு விதியின்படி தண்டனை என்று நாஸ்கார் சொல்லிவிட்டது. காரை உடைப்பதற்குப் பயம் இல்லாத இடத்தில் மனிதர்கள் எப்படி ஓட்டுவார்கள் என்பதை அந்த ஒரு சுற்று காட்டிவிட்டது. ஐரேசிங் புள்ளிகளாலும் உரிமங்களாலும் கட்டிவைத்திருப்பது இந்தத் துணிச்சலைத்தான்.

நம் ஊரிலிருந்து ஓட்ட ஆசைப்படுகிறவர்களுக்குச் சில நடைமுறை விஷயங்கள். ஐரேசிங் சந்தா முறையில் இயங்குகிறது, அதற்கு மேல் பெரும்பாலான கார்களையும் டிராக்குகளையும் தனித்தனியாக வாங்கவேண்டும், செலவு ஏறிக்கொண்டே போகும். ஆனால் ஷார்ட் ஓவலுக்கு அடிப்படைச் சந்தாவே கொஞ்ச காலத்துக்குப் போதும். ஸ்ட்ரீட் ஸ்டாக் காரும், சவுத் பாஸ்டன், லேனியர், லாங்லி போன்ற சிறிய ஓவல்களும் அதிலேயே வருகின்றன. ஃபோர்ஸ் ஃபீட்பேக் (மோட்டார் வழியாகக் காரின் இழுப்பைக் கைக்குக் காட்டும் வசதி) உள்ள சாதாரண ஸ்டீயரிங் ஒன்று அவசியம். கைப்பிடி கன்ட்ரோலரோடு ஆரம்பிக்க நினைப்பவர்களுக்கு அதே நிறுவனம் 2025 அக்டோபரில் கன்சோல்களுக்கு வெளியிட்ட நாஸ்கார் 25 பொருத்தம். ஓவல் ரேஸ்களில் கூட்டம் சேர்வது அமெரிக்க மாலை நேரத்தில், அதாவது நமக்கு அதிகாலையிலும் காலையிலும். அமெரிக்க சர்வருக்குச் சென்னையிலிருந்து போய் வரும் தாமதம் 200 மில்லிசெகண்டைத் தாண்டும். அதனால் முதல் சில வாரங்கள் கூட்டத்தின் கடைசியில் கிளம்பி, முன்னால் இருப்பவருக்கு முழு கார் நீளம் இடைவெளி விட்டு, 30 சுற்று மோதாமல் முடிப்பதை மட்டும் குறியாக வைத்துக்கொள்ளுங்கள். மற்றவர்களின் டயர் கெட்டு இடங்கள் தானாகவே வரும், சேஃப்டி ரேட்டிங்கும் ஏறும்.